பிரசங்கத்தில் சாகும் வால்வு

"இந்த வால்வுக்குத் திமிரு, தங்கச்சி," என்றார் தொபியாஸ். "பாடுன்னா பாடுது. சும்மா இருன்னா செத்துப்போகுது."

மெர்சலின் சால்டரிங் ராடைக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க, அண்ணாச்சி."

"பாடுன்னா பாடுது. சும்மா இருன்னா சாகுது."

"பெறகு என்கிட்ட என்னத்தக் கேக்கிய?"

"பதிலைத்தான்."

அவள் மறுபடி ராடை எடுத்துக்கொண்டாள்.

*

குரு இளையவள். சீடர் மூத்தவர். தலை நரைத்துவிட்டது, கோபம் நரைக்கவில்லை.

தொபியாஸ் மைக் செட் போட்டே முன்னுக்கு வந்தவர். அவர் குழாய் ஸ்பீக்கர் கட்டாத திருவிழா அந்தக் கடற்கரையில் கிடையாது. கல்யாண வீட்டுக்காரன் ஒரு விலை சொல்லுவான், இவர் ஒரு விலை சொல்லுவார். கடைசியில் நிற்பது இவர் சொன்னது.

மெர்சலின் துறைமுகத்தில் கப்பல் ரேடியோக்களைத் திறந்து திறந்து வளர்ந்தவள். பழைய ரேடியோக்களுக்குள் எரிகிற அந்தக் கண்ணாடி வால்வு என்றால் அவளிடம்தான் போக வேண்டும். மழைக்கு முன்னால் கற்றுக்கொள்ள வந்த தொபியாஸ் மழை முடிந்தும் போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை.

பெஞ்சின் மேல் இருந்தது ஒரு பழைய ஆம்ப், கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி. ரொட்டிப் பெட்டி அளவு. எந்தக் காலத்திலோ ஒரு மாலுமி வெளிநாட்டிலிருந்து தூக்கிவந்தது. ஸ்பீக்கரைத் தள்ளுகிற பெரிய வால்வு அதில் ஒன்றே ஒன்று.

அது ஜெர்மானாவின் ஆம்ப்.

ஜெர்மானா மாதா கோயில் பாட்டுக் குழுவின் தலைவி. தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது. போன பிறகும் குழுவை அவள்தான் நடத்தினாள். கிட்டாரால் நடத்தினாள். மெல்லத் தொட்டால் அந்தச் சின்ன ஆம்ப் கெஞ்சும். அழுத்தித் தொட்டால் அதட்டும். சுதி விலகியவன் யாரென்று ஒரு கம்பியைச் சுண்டியே காட்டிக்கொடுப்பாள்.

ஆம்ப் கெட்டதும் தொபியாஸ் தன் மைக் செட்டில் அந்தக் கிட்டாரை மாட்டிப் பார்த்தார். எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம். ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது. ஜெர்மானா கிட்டாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடிவிட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பிரசங்கம் முடிந்ததும் விசுவாசப் பிரமாணத்தைப் பாட்டாகவே பாடுவார்கள். முதல் சுரம் ஜெர்மானாவுடையது. அவள் கொடுக்காமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

ஆம்ப் வருகைப் பாட்டை ஜோராகப் பாடும். பிறகு பிரசங்கம் நடக்கும். முடிந்து பார்த்தால் வால்வு மாண்டு கிடக்கும்.

இப்படி இரண்டு வால்வு போயிற்று. இரண்டையும் மாட்டியவர் தொபியாஸ்.

"வால்வையே கொன்னுட்டாரே சாமியார், நம்ம எல்லாம் எம்மாத்திரம்!" என்று கோயில் வாசலில் சிரித்தார்கள்.

ஜெர்மானா சிரிக்கவில்லை.

மெர்சலினிடம் அந்த வகையில் மிச்சம் ஒன்றே ஒன்று. மாதா திருவிழாவுக்குள் வேறொன்று வந்து சேர வழியில்லை.

*

"மாட்டினதும் சோதிச்சியளா, அண்ணாச்சி?"

"என்ன அப்படிக் கேட்டுட்ட? முழு வால்யூம் வச்சு, பாட்டு முழுசையும் அடிக்கச் சொல்லிக் கேட்டேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு."

"பெறகு?"

"பெறகென்ன, அணைச்சிட்டேன்."

"அணைக்காம, பாடாம, சும்மா வச்சுப் பாத்தியளா?"

"பாடாத செட்டுல என்னத்தம்மா பாக்க?"

மைக் செட்டுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். மைக்கைத் தட்டுவார்கள், ஹலோ சொல்லுவார்கள், சத்தம் வந்தால் வேலை முடிந்தது. சத்தம் வராத நேரத்தில் செட்டு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அந்தத் தொழிலில் ஒருத்தனும் கேட்டதில்லை.

மெர்சலின் கடைசி வால்வை எடுத்தாள். ஊதித் துடைத்து மாட்டினாள்.

தொபியாஸ் குறுக்கே கையை நீட்டினார். "இருக்கது ஒண்ணு. அதையும் கொல்லப் போறியா?"

"சுவிட்சுல என் விரல் இருக்கு. உக்காருங்க. இது சும்மா இருக்கதப் பாப்போம்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பிரசங்க நேரம்."

"எந்தச் சாமியாரு? சின்னவரா, பெரியவரா?"

"பெரியவர்."

"சின்னவர் போதும், தங்கச்சி."

"பெரியவர்."

"சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். ரெண்டு பேருக்கும் நடுவுல..."

அவள் சுவிட்சை அணைத்தாள்.

"ஏன் அணைச்ச?"

கொஞ்சம் பொறுத்து மறுபடி போட்டாள்.

"இல்ல, ஏன் அணைச்சன்னு..."

அணைத்தாள்.

அன்று அவ்வளவுதான் நடந்தது. அவர் வாயைத் திறந்தால் அவள் சுவிட்சை அணைப்பாள். வாயை மூடினால் போடுவாள். மறுநாளும் அதேதான். கோபத்தில் எழுந்து போனார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். மின்விசிறி சத்தம் போடுகிறது என்றார், அணைந்தது. தெருவில் மீன்காரி கூவுகிறாள், அவளுக்கு மட்டும் அணைக்க மாட்டியா என்றார், அதற்கும் அணைந்தது.

"நான் பேசினா அந்த வால்வுக்கு என்ன நஷ்டம்?" என்று கத்தினார்.

"அதுக்கு ஒரு நஷ்டமும் இல்ல," என்றாள் மெர்சலின். அணைத்தாள்.

ஒரு மத்தியானம் அவருக்கு அலுத்துப்போயிற்று. பேச ஒன்றும் மிஞ்சவில்லை. தாடையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

மெர்சலின் கடையின் ஷட்டரை இறக்கினாள். உள்ளே இருட்டு. சுவிட்சைப் போட்டாள்.

வால்வின் நடு இழை ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. அது எல்லா வால்விலும் எரிவது. அதைச் சுற்றி ஒரு சாம்பல் நிறத் தகடு. தகடு சாம்பலாகத்தான் இருந்தது.

இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை.

தகட்டின் நடுவில் ஒரு புள்ளி. வெற்றிலைச் சாறு சிந்தியது போல. தொபியாஸ் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். புள்ளி அகலமாயிற்று. யாரும் தொடவில்லை, யாரும் பாடவில்லை. தகடு தன்னால் சிவந்துகொண்டே போனது.

சோதித்துப் பார்க்க மெர்சலின் ஆம்பில் மாட்டி வைத்திருந்த ஒரு கிட்டாரை அவர் பாய்ந்து எடுத்து அடித்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. சும்மா எல்லாக் கம்பியையும் சேர்த்து அடித்தார். செட்டு தகராறு செய்தால் எதையாவது பாடவிட்டுப் பார்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம்.

ஆம்ப் அலறியது.

சிவப்பு வடிந்தது.

அவர் கை நின்றது. சத்தம் அடங்கியது. சிவப்பு மறுபடி எட்டிப் பார்த்தது.

அடித்தார். வடிந்தது. நிறுத்தினார். ஏறியது.

மெர்சலின் சுவிட்சை அணைத்தாள். இருட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். கண்ணாடி சூடாறும் மெல்லிய கிணுகிணுப்பு மட்டும் கேட்டது.

தொபியாஸ் கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"என் செட்டு எல்லாம் பாடினாத்தான் சூடாகும், தங்கச்சி. இது என்ன, பாடினா குளிருது? சும்மா இருந்தா வேகுது?"

"இதுக்குள்ள வர்றது எப்பவும் ஒரே அளவு. பாட்டு இருந்தா அதுல கொஞ்சம் ஸ்பீக்கர் வழியா வெளிய போயிரும்."

"இல்லன்னா?"

"எங்க போகும்? எல்லாம் அதுக்குள்ளயே."

அவர் வால்வைப் பார்த்தார். இருட்டில் அது தெரியவில்லை. இருந்தாலும் பார்த்தார்.

"அப்ப பிரசங்கம் முழுக்க..." என்றார்.

மெர்சலின் ஷட்டரை ஏற்றினாள்.

*

வேலை என்னவோ சின்ன வேலைதான்.

வால்வின் காலில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சும்மா இருக்கையில் வால்வு எவ்வளவு கரண்டு குடிக்கலாம் என்று அதுதான் அளந்து விடும். ரெசிஸ்டர் சின்னதானால் அதிகம் குடிக்கும், பெரிதானால் குறைவாகக் குடிக்கும். அந்த அளவைத் தொழில்காரர்கள் பயாஸ் என்பார்கள். ஆம்ப் செய்தவன் அவன் காலத்து லைன் வோல்டேஜுக்கு அளந்து வைத்தான். இன்றைக்கு வருகிற வோல்டேஜ் அதைவிடக் கூடுதல். ஆம்ப் பழைய அளவிலேயே இருந்தது, அடுப்பு மட்டும் பெரிதாகிவிட்டது.

"அவ்வளவுதானே? பெரிய ரெசிஸ்டரா ஒண்ணு குடு," என்றார் தொபியாஸ். "இருக்கதுலயே பெரிசு. இனிமே சாகக் கூடாது."

மெர்சலின் இருப்பதிலேயே பெரியதை எடுத்துக் கொடுத்தாள்.

அவரே சால்டர் வைத்தார். ஷட்டரை இறக்கிப் பார்த்தார். தகடு சாம்பல். எவ்வளவு நேரம் விட்டாலும் சாம்பல். ஜெயித்துவிட்டவர் போல ஜெர்மானாவுக்கு ஆள் அனுப்பினார்.

அவள் கிட்டாரோடு வந்தாள்.

"ஜெர்மானா! சரியாயிட்டு! இனிமே சாகாது!" தொபியாஸ் கத்தினார். அவளிடம் ஊரே அப்படித்தான் கத்தும். போனது குரல்தான், காது அவளுக்கு நன்றாகவே இருந்தது.

அவள் உட்கார்ந்து ஒரு கம்பியை மெல்லத் தொட்டாள். கெஞ்ச வேண்டிய சத்தம் உதட்டோரம் முனகியது. அழுத்தித் தொட்டாள். அதட்ட வேண்டிய சத்தம் உடைந்து, இருமலாக வந்தது.

அவள் மறுபடி தொட்டாள். மறுபடி இருமல்.

கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். இன்னொரு கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. தழும்பின் மேல் நின்றது. பிறகு எழுந்து, கிட்டாரை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

தொபியாஸ் குதித்தார். "செத்தாலும் குத்தம், பிழைச்சாலும் குத்தமா? என்னதான் வேணும் இவளுக்கு?"

"பிழைச்சிருக்கா அது?" என்றாள் மெர்சலின்.

"சிவக்கலையே!"

"சிவக்கல."

அவர் ஆம்பை அறைவது போலக் கையை ஓங்கினார். ஓங்கிய கையோடு நின்றார். பிறகு அந்தக் கையாலேயே அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

*

மறுநாள் காலை மெர்சலின் மீட்டரை அவர் முன்னால் வைத்தாள். டப்பா நிறைய ரெசிஸ்டரை வைத்தாள். பெஞ்சில் சாக்பீஸால் ஒரு எண் எழுதினாள்.

"தகடு தாங்குற உச்சம் இது. இதத் தாண்டினா சாவு. வேலை செய்யும்போது ஒரு கை சட்டைப் பையில இருக்கணும். ரெண்டு கையும் உள்ள போச்சுன்னா கரண்டு நெஞ்சு வழியா போகும்."

தொபியாஸ் வேட்டி கட்டி, பனியன் போட்டிருந்தார். "பைக்கு நான் எங்கம்மா போவேன்?"

"முதுகுக்குப் பின்னால கட்டிக்கிடுங்க."

கட்டிக்கொண்டார். திவ்விய நன்மை அப்பம் வாங்க நிற்கிறவர் போலப் பயபக்தியாக இருந்தார்.

"உச்சம் தெரிஞ்சு போச்சு. அதுக்குக் கீழ எங்க நிறுத்த?"

"அத வால்வு சொல்லும்."

"பேசாத வால்வு எப்படிச் சொல்லும்?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

"எங்க போற? இருக்கது ஒரே வால்வு! தங்கச்சி!"

"டீ குடிக்க."

ஷட்டர் இறங்கியது.

*

அவர் தனியாக இருந்தார்.

டார்ச் வெளிச்சத்தில் ஒரு ரெசிஸ்டரைக் கழற்றினார், வேறொன்றை வைத்தார். ஒவ்வொரு தடவையும் அணைக்க வேண்டும். உள்ளே தங்கிய கரண்டை வடிக்க வேண்டும். மாற்ற வேண்டும். போட வேண்டும். சூடேறக் காத்திருக்க வேண்டும். கூட்டினார், குறைத்தார்.

பேரம்தான் இது என்று அவருக்குப் பட்டது. பேரம் என்றால் அவருக்குச் சோறு. ஆனால் இந்த எதிராளி கத்தவில்லை, சிரிக்கவில்லை, கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. மிரட்டினால் மசியாது. புகழ்ந்தால் இறங்காது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர், எதிர்ப்பக்கம் என்ன நினைக்கிறது என்று தெரியட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

மீட்டர் முள் ஆடி நின்றது. உச்சத்துக்குக் கொஞ்சம் கீழே.

இன்னும் கூட்டலாமே என்று கை துடித்தது. முதுகுக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டார்.

தகடு சாம்பல்.

பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான் அது தெரிந்தது. கண்ணாடியின் உட்புறத்தில், விளிம்போரம், ஒரு நீலம். அடுப்பு நீலம் இல்லை, மை நீலம் இல்லை. கடல் நடுவில் விடியற்காலம் ஒரு நிமிஷம் மட்டும் இருக்குமே, வலைக்காரர்கள் சொல்லுவார்களே, அந்த நிறம். கண்ணாடியில் ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது.

பயத்தில் எழுந்தார். எரியப் போகிறதோ? மீட்டரைப் பார்த்தார். முள் அசையவில்லை.

மெல்ல, ஒரு விரலால், பக்கத்திலிருந்த கிட்டாரின் அடிக்கம்பியைத் தொட்டார். தொட்டேன் என்று சொல்லக்கூட முடியாது. அவ்வளவு மெல்ல.

ஸ்பீக்கரில் ஒரு முழுச் சுரம் வந்து நின்றது. நீலம் அதோடு சேர்ந்து நடுங்கியது. மூச்சு விடுவது மாதிரி விரிந்து சுருங்கியது. சுரம் தேயத் தேய அதுவும் அடங்கி, பழையபடி நின்றது.

ஊரதிர ஒலிபெருக்கி கட்டிய மனுஷன். அந்தச் சின்னப் பெட்டியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த சுரத்தைத் தொட அவருக்குத் துணிவு வரவில்லை.

ஷட்டர் ஏறியது. வெளிச்சம் உள்ளே விழுந்து நீலம் மறைந்தது.

மெர்சலின் மீட்டரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

"ஜெர்மானா வரட்டும்," என்றாள்.

ஜெர்மானா வந்தாள். மெல்லத் தொட்டாள், கெஞ்சியது. அழுத்தித் தொட்டாள், அதட்டியது. ஆம்பை இரண்டு கையாலும் தூக்கி, பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். தொபியாஸ் ஒன்றும் கத்தவில்லை.

*

மாதா திருவிழாவுக்குப் பிரசங்கம் வைக்க வெளியூரிலிருந்து ஒரு சாமியாரைக் கூப்பிட்டிருந்தார்கள். நீளத்துக்குப் பேர் போனவர்.

பாட்டுக் குழுவுக்குப் பக்கவாட்டில், ஆம்பின் முதுகுப்பக்கம், சுவரோடு ஒட்டி மெர்சலினும் தொபியாஸும் உட்கார்ந்திருந்தார்கள். வருகைப் பாட்டு முடிந்தது. வாசகங்கள் முடிந்தன. சாமியார் மைக்கைத் தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

தொபியாஸ் வால்வின் மேல் கண்ணை வைத்தார்.

சாமியார் கடலைப் பற்றிச் சொன்னார். தகடு சாம்பல். புயலைப் பற்றிச் சொன்னார். சாம்பல். தான் ரோமாபுரி போய்வந்த கதைக்குப் போனார். பின் வரிசையில் கைவிசிறிகள் நின்று, தலைகள் சாயத் தொடங்கின. சாம்பல்தான்.

"சிவக்குதா?" மெர்சலின் காதருகே கேட்டாள்.

"இல்ல."

கண் வலித்தது. வேறெங்காவது பார்க்கலாம் என்று தலையை நிமிர்த்தினார். எதிரே ஜெர்மானா.

கிட்டாரை மடியில் வைத்து, கம்பிகள் அசையாதபடி கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

சாமியார் ஒரு வேடிக்கை சொன்னார். கோயில் சிரித்தது. அவளும் சிரித்தாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை.

"அல்லேலூயா சொல்லுங்க!" என்றார் சாமியார். கோயில் சொன்னது. அவள் உதடு சொன்னது. தழும்பு மேலும் கீழும் அசைந்தது.

"இன்னும் சத்தமா!"

கோயில் இன்னும் சத்தமாகச் சொன்னது. அவள் கழுத்தில் ஒரு இடம் சிவந்தது. அங்கிருந்து மேலே, காதுவரைக்கும் ஏறியது. கம்பியின் மேல் விரல்கள் வெளுக்கும்படி அழுத்திக்கொண்டிருந்தாள்.

தொபியாஸ் வால்வைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாமியார் இரண்டாவது கருத்துக்கு வந்தார்.

"தங்கச்சி," என்றார் தொபியாஸ். "இந்தப் பிரசங்கம் எப்பம்மா முடியும்?"

"எவ்வளவு நேரமும் ஆகட்டும், அண்ணாச்சி. வால்வு தாங்கும்."

"நான் வால்வக் கேக்கல."

மெர்சலின் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் பார்த்த இடத்தைப் பார்த்தாள்.

வெகுநேரம் போய்ச் சாமியார் ஆமென் சொன்னார். விசுவாசப் பிரமாணத்துக்குக் கோயில் எழுந்து நின்று வாயை மூடிக்கொண்டு காத்திருந்தது.

ஜெர்மானா கம்பியைத் தொட்டாள்.